லாஸ்ட்.எஃப்எம் என்ற இசை இணையதளத்தில் ‘ஸ்கிராப்ளிங்’ என்றால் என்ன?

நீங்கள் கேட்கும் ஒவ்வொரு பாட்டின் பெயரும் உங்கள் கணக்கில் தானாகப் பதிவாவதுதான் ஸ்கிராப்ளிங். 2002-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக மாணவர் ரிச்சர்ட் ஜோன்ஸ் ஆடியோஸ்கிராப்ளர் என்ற பெயரில் தொடங்கியது, 2005-இல் லாஸ்ட்.எஃப்எம்முடன் இணைந்தது.

சரி, இது எதற்கு? பிடித்த பாட்டு எது என்று கேட்டால் கொஞ்சம் கௌரவம் பார்த்துத்தான் பதில் சொல்வோம். திரும்பத் திரும்பக் கேட்பது வேறாக இருக்கும். அந்த உண்மையான பழக்கத்தை வைத்து, உங்களைப் போன்ற ரசிகர்களைக் கண்டுபிடித்து, அவர்கள் கேட்டு நீங்கள் கேட்காததைத் தளம் காட்டும். பதிவேட்டைப் பார்த்தே அடுத்த புத்தகத்தை எடுத்துத் தரும் நூலகரைப் போல. பாதிப் பாட்டாவது, நீளமானதென்றால் 4 நிமிடமாவது ஓடினால்தான் கணக்கு. எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

பலர் நினைப்பதுபோல் பாட்டுக் கோப்பு எங்கும் போவதில்லை. பாடல், கலைஞர், கேட்ட நேரம் போன்ற விவரங்கள்தான் போகும்.