நடவு வயலில் தலைப்பிரட்டை: குருணை மருந்து போடலாமா?

கேள்வி: மேலூர்ப் பக்கம் பெரியாறு கால்வாய்ப் பாசனம். நெல் நட்டுப் பத்து நாளாகிறது. வயல் முழுக்கக் கருப்பாகத் தலைப்பிரட்டை. வரப்போரமாக நாற்று அறுந்து மிதக்கிறது. இவைதான் கடிக்கின்றன, குருணை மருந்து (குருணை போல இருக்கும் பூச்சிமருந்து) போடு என்கிறார்கள். போடலாமா?

பதில்: போடாதீர்கள் ஐயா. நாற்றை அறுக்கும் பலம் அந்த வாய்க்குக் கிடையாது. பாசியையும் அழுகிய இலையையும் சுரண்டித் தின்னத்தான் அது ஆகும். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு கிண்ணம் வயல் தண்ணீரோடு கொஞ்சம் தலைப்பிரட்டையை மொண்டு, நாலு நாற்றையும் போட்டு ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள், தண்டு அறுந்திருக்காது.

கூட்டம் கூட்டமாகக் கருகருவென்று திரிகிறவை பெரும்பாலும் தேரைக் குஞ்சுகள். முன்பே தண்ணீரோரம் கறுப்பு மணி கோத்த மாதிரி வழவழவென்று கயிறு கிடந்திருக்கும். அது தேரை முட்டைதான். தவளை முட்டை அப்படிக் கயிறாக வராது. இவற்றுக்கு முதலில் பின்னங்கால், பிறகு முன்னங்கால் வெளிவந்து, வால் கரைந்து, செவுள் மூச்சு போய் நுரையீரல் மூச்சு வந்ததும் வரப்பேறிவிடும். அதன்பின் பாசியைத் தொடாது. அசைகிற பூச்சிதான் சாப்பாடு. குருத்துப்பூச்சி அந்துவும் புகையானும் அதில் சேர்த்தி.

தவளை, தேரை எதுவும் வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. ஈரத்தோல் வழியாகவே உறிஞ்சிக்கொள்ளும், மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழிதான். அதனால் தண்ணீரில் கரைகிற மருந்தும் நேரே உடம்புக்குள் போகும். இன்று குருணை போட்டால் நாளை பூச்சிக்கும் சேர்த்து நீங்களே மருந்து வாங்க வேண்டிவரும். தவளைக்கால் ஏற்றுமதியை 1987இல் அரசு தடை செய்ததற்கு, வயலில் தவளை குறைந்து பூச்சி பெருகும் என்ற கவலையும் ஒரு காரணம்.

சரி, அறுத்தது யார்? 'வரப்போரமாக' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நண்டு மேல்தான் சந்தேகம். வரப்பில் வளையும், வாசலில் புதுச் சேற்று உருண்டையும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வளையை அடைத்து, வரப்போரம் மண்பானையை வாய் சேற்று மட்டத்துக்கு வரும்படி புதைத்து, உள்ளே கொஞ்சம் தவிடு போடுங்கள். ராத்திரி விழும் நண்டைக் காலையில் எடுத்துவிடலாம். பெரிய மஞ்சள் தவளை இருந்தால் விரட்டாதீர்கள், அது நண்டையும் தின்னும். பாம்பு வருமே என்பார்கள். வரும், எலியையும் பிடிக்கும்.

நாற்று அறுபடாமல் வேரோடு மிதந்தால் விஷயம் வேறு: நடவு மேலாக நின்றிருக்கும், அல்லது பாசி தூக்கியிருக்கும். தண்ணீரை வடித்து, நாற்று போய் வெறுமையான இடத்தில் மீதி நாற்றை நட்டால் போதும்.