தேய்ந்த டயரும் குறைந்த பணமும்: கார் வைத்திருப்போரின் கேள்விகளுக்குப் பதில்கள்

வடகிழக்குப் பருவமழைக்கு முன் டயர் மாற்றியாக வேண்டும், ஆனால் நான்கையும் ஒரே நேரத்தில் வாங்க வசதியில்லை என்பவர்கள் அனுப்பிய கேள்விகளைத் தொகுத்து இங்கே பதிலளிக்கிறேன். டயர் விற்பனையிலும் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்யும்) வேலையிலும் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கேட்டவர்களில் பெரும்பாலோரிடம் இருப்பவை முன்சக்கரங்கள் இழுக்கும் சிறிய கார்கள் என்பதால், பதில்களும் அத்தகைய வண்டிகளை மனத்தில் வைத்தே எழுதப்பட்டுள்ளன.

கேள்வி (செங்கல்பட்டு): ஐயா, என் டிசையரில் முன்டயர்கள் இரண்டும் நன்றாகத் தேய்ந்துவிட்டன, பின்டயர்களில் பாதிப் பட்டன் (சாலையைத் தொடும் மேல்ரப்பர்) இருக்கிறது. நான்கையும் மாற்ற 18,000 ரூபாய் கேட்கிறார்கள். என்னிடம் 9,000 ரூபாய்தான் இருக்கிறது. முன்னால் மட்டும் இரண்டு புதிய டயர்கள் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: இரண்டு மட்டும் வாங்குவதில் தவறில்லை, ஆனால் அந்தப் புதிய இரண்டையும் பின்னால் போடுங்கள், பின்னால் இருக்கும் பாதி தேய்ந்தவற்றை முன்னால் கொண்டுவாருங்கள். வண்டியை இழுப்பதும் திருப்புவதும் முன்சக்கரங்கள்தானே, பிரேக்கின் பெரும்பங்கு சுமையும் அங்கேதானே விழுகிறது என்று கேட்பீர்கள். அது உண்மையே. ஆனால் ஈரச் சாலையில் முன்சக்கரங்கள் பிடி இழந்தால், வண்டி திரும்ப மறுத்து நேராகப் போகப் பார்க்கும். ஓட்டுபவர் இயல்பாகவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார், வேகம் குறைந்ததும் பிடி பெரும்பாலும் திரும்பக் கிடைத்துவிடும். பின்சக்கரங்கள் பிடி இழந்தாலோ வண்டியின் பின்பகுதி பக்கவாட்டில் வீசிக்கொண்டு போகும். அந்த நேரத்தில் காலை எடுப்பதோ பிரேக் மிதிப்பதோ நிலைமையை மேலும் மோசமாக்கும், அதைச் சமாளிப்பது பழகியவர்களுக்கே கடினம். டயர் நிறுவனங்கள் முன்சக்கர இயக்க வண்டிகளுக்கும் இதையே பரிந்துரைக்கின்றன. சில கடைகளில் வேலையை விரைவில் முடிப்பதற்காகக் கழற்றிய இடத்திலேயே புதிய டயரை மாட்டிவிடுவார்கள் என்பதால், வண்டியைத் தூக்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒரே அச்சில் இருக்கும் இரண்டு டயர்களும் ஒரே அளவு, ஒரே நிறுவனம், ஒரே ரகம் என்று இருக்க வேண்டும். முன் ஜோடி ஒரு நிறுவனம், பின் ஜோடி இன்னொரு நிறுவனம் என்றிருப்பதைப் பணம் இல்லாதபோது பொறுத்துக்கொள்ளலாம். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் வேறொன்று என்றிருப்பதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

கேள்வி (திருவாரூர்): டயர் உண்மையிலேயே தேய்ந்துவிட்டதா, கடைக்காரர் விற்பதற்காகச் சொல்கிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: டயரின் காடிகளுக்குள், அதாவது பட்டனில் ஓடும் பள்ளங்களுக்குள், விரலை வைத்துப் பார்த்தால், சில இடங்களில் குறுக்கே சிறிய மேடுகள் தட்டுப்படும். அவை இருக்கும் இடத்தை டயரின் பக்கச்சுவரில் உள்ள சிறிய முக்கோணக் குறி காட்டும். அந்த மேட்டின் உயரம் 1.6 மில்லிமீட்டர், பட்டன் தேய்ந்து அதற்குச் சமமாகிவிட்டால் அந்த டயர் முடிந்துவிட்டது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 94ஆம் விதியும் கார்களுக்கு இந்த 1.6 மில்லிமீட்டரையே குறைந்தபட்ச ஆழமாக வைத்திருக்கிறது. ஆனால் சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லை அது. மழையில் அதை நம்பி ஓட்ட முடியாது. சாலையில் நிற்கும் நீரைக் காடிகள்தாம் வாங்கி வெளியேற்றுகின்றன. ஆழம் குறையக் குறைய நீர் வெளியேற வழியில்லாமல் டயருக்கும் சாலைக்கும் நடுவே தங்கி, வண்டி நீரின் மேல் மிதக்கத் தொடங்கும். புதிய கார் டயரில் சுமார் 7 முதல் 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். அது 3 மில்லிமீட்டருக்கு வந்ததுமே பணம் சேர்க்கத் தொடங்குங்கள். கோடையில் அந்த நிலையை எட்டினால் சில மாதங்கள் தள்ளிப்போடலாம். ஐப்பசியில் எட்டினால் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி (சென்னை): புதுப்பேட்டையில் செகண்ட் ஹேண்ட் டயர்கள் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா?

பதில்: இதற்கு ஒரே சொல்லில் பதில் கூற முடியாது, ஏனென்றால் பழைய டயர் என்ற பெயரில் மூன்று விதமான சரக்கு விற்கப்படுகிறது. முதல் வகை, புதிய கார் வாங்கிய கையோடு அகலமான டயரும் அலாய் சக்கரமும் போட்டுக்கொள்பவர்கள் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகும் டயர்கள். அவை சில நூறு கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது. பட்டனில் முளைத்திருக்கும் மெல்லிய ரப்பர் முடிகள்கூட உதிர்ந்திருக்காது. உங்கள் வண்டியின் அளவில் இப்படி ஒரு ஜோடி கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள், குறைந்த பணத்தில் இதைவிட நல்ல பேரம் இல்லை. அலாய் சக்கரமும் உதிரிப் பொருள்களும் விற்கும் கடைகளில், சென்னையில் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற இடங்களில், உங்கள் அளவைச் சொல்லி வைத்தால் வரும்போது அழைப்பார்கள்.

இரண்டாம் வகை, பாதி ஓடிய பின் கழற்றப்பட்டவை. அவற்றில் நல்லதும் உண்டு, விபத்தில் சிக்கிய வண்டியிலிருந்து வந்ததும் உண்டு. ரிம்மில் மாட்டிய நிலையில் காட்டினால் வாங்காதீர்கள். கழற்றி உட்புறத்தைப் பார்க்க வேண்டும். உள்ளே பக்கச்சுவரைச் சுற்றி ரப்பர் கசங்கி வளையமாகக் கோடு விழுந்திருந்தாலோ கறுப்புத் தூள் உதிர்ந்தாலோ, காற்றில்லாமல் அந்த டயரை ஓட்டியிருக்கிறார்கள் என்று பொருள். வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அது வீண்.

மூன்றாம் வகைதான் ஆபத்தானது. முழுதும் தேய்ந்த டயரில் சூடான கத்தியால் புதிய காடி வெட்டி, கறுப்புப் பூசி விற்பார்கள். கார் டயரில் காடியின் அடிக்கும் எஃகுக் கம்பி அடுக்குக்கும் நடுவே இருக்கும் ரப்பர் மிக மெல்லியது. அதையும் வெட்டினால் கம்பி வரை ஈரம் இறங்கி, வேகத்தில் சூடேறும்போது பட்டன் அடுக்கு தனியே பிரிந்துவிடும். காடி மட்டும் ஆழமாக இருக்கிறது, ஆனால் நான் மேலே சொன்ன குறுக்கு மேடுகள் எங்குமே காணவில்லை என்றால் அது வெட்டப்பட்ட டயர்.

கேள்வி (மதுரை): என் கார் அதிகம் ஓடுவதில்லை. டயர் வாங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன, பட்டன் அப்படியே இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

பதில்: வாங்கிய நாளைவிடத் தயாரான நாளே முக்கியம். பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் இறுதி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 3222 என்றிருந்தால் 2022ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தில் தயாரானது. ஒரு பக்கம் காணவில்லை என்றால் மறுபக்கத்தில் இருக்கும். ஐந்து ஆண்டுகளைக் கடந்த டயரை ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும். பத்து ஆண்டுகளானால், ஓடாமலே இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்பது பல நிறுவனங்களின் அறிவுரை. நம் ஊர் வெயிலில் வெட்டவெளியில் நிற்கும் வண்டி என்றால் நான் அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டேன். பக்கச்சுவரிலும் காடியின் அடியிலும் விரிசல்கள் தெரிந்தால் உங்களுடையதை இப்போதே மாற்றுங்கள்.

கேள்வி (சேலம்): சென்ற ஆண்டுதான் புதிய டயர் போட்டேன். முன்னால் இரண்டிலும் உள்ஓரம் மட்டும் கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்துவிட்டது, மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்கிறது. டயர் நிறுவனத்தில் முறையிடலாமா?

பதில்: முறையிட்டுப் பயன் இருக்காது, ஏனென்றால் குறை டயரில் இல்லை. பணம் குறைவாக இருப்பவர்கள் எல்லோரும் இந்த இடத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்: பழைய டயர் ஏன் தேய்ந்தது என்று தெரிந்துகொள்ளாமல் புதிய டயர் வாங்குவது, ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும். தேய்ந்த டயரே காரணத்தைச் சொல்லிவிடும். இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால், குறைந்த காற்றில் ஓட்டியிருக்கிறீர்கள். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். கையால் குறுக்கே தடவும்போது ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் எதிர்ப்பக்கம் அரம் போல் உராய்ந்தும் இருந்தால், சக்கரங்கள் ஒன்றையொன்று நோக்கியோ விலகியோ நிற்கின்றன. அலைன்மென்ட் செய்தால் சரியாகும். ஆங்காங்கே குழி விழுந்தாற்போல் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள்.

உங்களுடையதைப் போல் உள்ஓரம் மட்டும் தேய்வதற்கு அலைன்மென்ட் கோளாறும் காரணமாகலாம். சக்கரத்தை வண்டியோடு இணைத்துத் தாங்கும் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராடு முனை ஆகியவற்றில் ஏற்பட்ட தளர்ச்சியும் காரணமாகலாம். இந்தப் பாகங்களில் ஆட்டம் இருக்கும்போது அலைன்மென்ட் மட்டும் செய்தால், கணினித் திரையில் எண்கள் பச்சையாகத் தெரியும். அடுத்த பள்ளத்தில் இறங்கி ஏறியதும் பழைய நிலைக்கே போய்விடும். ஆகவே முதலில் ஆட்டம் பார்க்கச் சொல்லுங்கள், தேய்ந்த புஷ்ஷை மாற்றுங்கள், அதன் பிறகே டயர், கடைசியாக அலைன்மென்ட். கம்பி தெரியும் டயர்களில் இனி நெடுஞ்சாலைக்குப் போக வேண்டாம்.

கேள்வி (திருநெல்வேலி): ஸ்டெப்னி இதுவரை ஓடவே இல்லை. அதைப் பயன்படுத்தி ஒரு டயரின் பணத்தை மிச்சப்படுத்தலாமா?

பதில்: முழு அளவு ஸ்டெப்னியாக இருந்து, அதன் தயாரிப்பு நாளும் மிகப் பழையதாக இல்லாமல் இருந்தால், நல்ல யோசனைதான். அதே நிறுவனத்தின் அதே ரகத்தில் ஒரே ஒரு புதிய டயர் வாங்கி அதனுடன் ஜோடி சேர்த்துப் பின்னால் போடுங்கள். கழற்றியவற்றில் சிறந்ததை ஸ்டெப்னியாக வையுங்கள். சில கார்களில் ஸ்டெப்னி மற்ற நான்கையும்விடச் சிறிய அளவில் கொடுக்கப்படுகிறது. அப்படியானால் இந்த வழி உங்களுக்கு இல்லை.

கேள்வி (நாமக்கல்): எங்கள் ஊரில் லாரி டயர்களுக்கு ரீட்ரெடிங் செய்து (தேய்ந்த டயரில் புதிய பட்டன் ஒட்டி) பல்லாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறார்கள். காருக்கு ஏன் செய்யக் கூடாது?

பதில்: லாரி டயரின் உடல், ஒருமுறைக்கு மேல் பட்டன் ஒட்டி ஓட்டுவதை எதிர்பார்த்தே உறுதியாகக் கட்டப்படுகிறது, அதன் விலையும் அதிகம் என்பதால் ரீட்ரெடிங் செலவு அங்கே நியாயமாகிறது. சிறிய காரின் டயர் அப்படிக் கட்டப்படுவதில்லை, மிச்சமாகும் தொகையும் சொற்பம். வேண்டாம்.

கேள்வி (திருப்பூர்): என் வண்டிக்கு 165/80 ஆர்14 போட வேண்டும். கடையில் 165/70 ஆர்14 மலிவாக இருக்கிறது, ரிம் ஒன்றுதான், பொருந்தும் என்கிறார்கள்.

பதில்: ரிம்மில் பொருந்தும், வண்டிக்குப் பொருந்தாது. முதல் டயரின் மொத்த விட்டம் ஏறக்குறைய 620 மில்லிமீட்டர், இரண்டாவதன் விட்டம் 587 தான். வண்டி 16 மில்லிமீட்டருக்கு மேல் தாழும், வேகமானி உண்மையான வேகத்தைவிட ஐந்து விழுக்காட்டுக்கு மேல் கூடுதலாகக் காட்டும். இவற்றைவிட முக்கியமானது சுமை எண். அளவுக்கு அடுத்து 85 என்று இருந்தால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். 165/70 ஆர்14 அளவில் வழக்கமாக வரும் 81 என்பது 462 கிலோ மட்டுமே. குடும்பத்தோடும் பெட்டிகளோடும் ஊருக்குப் போகும்போது அந்த வேறுபாடு முழுவதும் உங்கள் டயரின் மேல்தான் இறங்கும். ஓட்டுநர் கதவுப் பக்கத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள அளவையே வாங்குங்கள். சுமை எண் அதைவிடக் கூடலாம், குறையக் கூடாது.

கேள்வி (வேலூர்): எந்த நிறுவன டயர் வாங்குவது? விலை குறைந்துவிட்டது என்கிறார்களே, உண்மையா?

பதில்: 2025 செப்டம்பர் 22 முதல் புதிய கார் டயர்களுக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது; அடிப்படை விலை மாறாவிட்டால் நீங்கள் கொடுக்கும் தொகையில் எட்டு விழுக்காடு அளவுக்குக் குறைய வேண்டும். எம்ஆர்எஃப், அப்போலோ, சியட், ஜேகே ஆகிய நான்கு நிறுவனங்களுக்கும் தமிழ்நாட்டிலேயே ஆலைகள் உள்ளன. ஊருக்குள் ஓடும் சிறிய காருக்கு இவற்றில் எதன் நடுத்தர ரகமும் போதும் என்பதே என் கருத்து. பெயருக்காக 1,000 ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதைவிட, அந்தப் பணத்தில் அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமன்படுத்துவது) செய்துகொள்ளலாம். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். விலை கேட்கும்போது டயரோடு மாட்டும் கூலி, புதிய வால்வு, பேலன்சிங் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள். இணையத்தில் மலிவாகத் தெரிவது, இவற்றைச் சேர்த்தபின் பக்கத்துக் கடை விலைக்கே வந்து நிற்பதுண்டு. நைட்ரஜனுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான்.

கேள்வி (கடலூர்): பள்ளத்தில் இறங்கியதால் டயரின் பக்கவாட்டில் முட்டை போல் புடைத்துவிட்டது. பஞ்சர் கடையில் சரிசெய்ய முடியுமா? காப்பீட்டில் கிடைக்குமா?

பதில்: சரிசெய்ய முடியாது. உள்ளே நூல் அடுக்கு அறுந்துவிட்டதால்தான் காற்று வெளியே தள்ளுகிறது. பட்டன் பகுதியில் விழும் 6 மில்லிமீட்டருக்கு உட்பட்ட துளையை மட்டுமே முறையாக அடைக்கலாம். வழக்கமான காப்பீட்டில், வண்டிக்கும் சேர்த்துச் சேதம் ஏற்பட்டால்தான் டயருக்குப் பணம் உண்டு, அதுவும் மாற்றும் செலவில் பாதி வரையில்தான். டயருக்கு மட்டும் சேதம் என்றால் கிடைக்காது. சில ரகங்களுக்கு இத்தகைய சேதத்தையும் ஏற்கும் உத்தரவாதம் உண்டு என்பதால் விற்பனை ரசீதைத் தேடி எடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (தஞ்சாவூர், வாடகைக் கார் ஓட்டுபவர்): புதிய டயர்களை அதிக நாள் ஓட்ட என்ன செய்ய வேண்டும்? கழற்றிய பழையவற்றை என்ன செய்வது?

பதில்: மாதம் இருமுறையாவது, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், கதவுத் தூணில் எழுதியுள்ள அளவுக்குக் காற்று வையுங்கள், அவ்வப்போது ஸ்டெப்னிக்கும் வையுங்கள். 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றுங்கள். முன்சக்கரங்கள் இழுக்கும் வண்டியில் முன்டயர்கள் அதே பக்கமாகப் பின்னுக்குப் போக வேண்டும், பின்டயர்கள் பக்கம் மாறி முன்னுக்கு வர வேண்டும். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி உள்ள டயர்களைப் பக்கம் மாற்றக் கூடாது. பழையவற்றைக் கடையிலேயே கொடுத்து ரசீதில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள், சிறு தொகையாவது கிடைக்கும். வீட்டில் போட்டு வைத்தால் மழைநீர் தேங்கிக் கொசு வளரும், போகிக்கு யாராவது எடுத்துப்போய்க் கொளுத்தவும் செய்வார்கள்.