துளிர்களை வெட்டி வீழ்த்துவது எது?

கேள்வி: ஐயா, தெஹிவளையில் வீட்டு வளவில் கறுத்தக்கொழும்பான் ஒட்டு மாங்கன்று இரண்டு வைத்து ஒன்றரை வருசம். மழைக்குப் பிறகு அழகாகத் துளிர்த்தது. மூன்று நாளாகக் காலையில் பார்த்தால் பிஞ்சு இலைகள் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல நிலத்தில் கிடக்கின்றன. புழு ஒன்றையும் காணவில்லை. கடைக்காரர் சோடாப் போத்தலில் மருந்து ஊற்றித் தந்து, வாரம் இருமுறை அடிக்கச் சொன்னார். அடிக்கலாமா? கன்று பட்டுவிடுமா?

பதில்: கன்று படாது அம்மா. தண்டும் வேரும் நல்லாயிருந்தால் அடுத்த துளிரில் தேறிவிடும்.

மரத்தில் தேடினால் புழு கிடைக்காது. இது மாவிலை வெட்டும் கூன்வண்டு. அரிசி மணியளவுதான், மூக்கு நீண்டிருக்கும். பெண் வண்டு பிஞ்சு இலையின் நடுநரம்பை ஒட்டி முட்டையிட்டுவிட்டு, காம்புப் பக்கமாகக் குறுக்கே அறுத்து இலையை விழுத்திவிடும். இரண்டு மூன்று நாளில் முட்டை பொரிக்கும். புழு அந்த இலைக்குள்ளேயே தின்று வளர்ந்து மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். விழுந்த இலையொன்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், நரம்போரம் சின்னச் சின்ன வடுக்கள் தெரியும்.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது, அந்த இலைகளை என்ன செய்கிறீர்கள் என்பதுதான். கூட்டி மரத்தடியிலேயே மூடுபடையாகப் போடுகிறவர்கள்தான் அதிகம். அது வண்டுக்குத் தொட்டில் கட்டிக் கொடுப்பது. கூட்டெருக் குழியிலும் போடாதீர்கள். தினமும் காலையில், ஒன்றுவிடாமல், கையாலே பொறுக்குங்கள். தடித்த பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் ஒரு கிழமை போட்டால் உள்ளிருப்பது அவிந்துவிடும். பொறுக்காமல் விட்ட இலையிலுள்ள புழு வளர்ந்து மண்ணுக்குள் தப்பிவிடும். இரண்டு கன்றுக்கு இது பத்து நிமிட வேலை. எந்த மருந்தும் இதற்கு ஈடாகாது. மரத்தடி மண்ணையும் வேர் அறாமல் மேலாகக் கிளறிவிடுங்கள், எறும்பும் குருவியும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

சோடாப் போத்தல் விசயத்துக்கு வருகிறேன். லேபிள் இல்லாத மருந்தை ஊற்றிக் கொடுப்பவர் வியாபாரியே இல்லை. என்ன மருந்து, எவ்வளவு கலப்பது, எத்தனை நாள் இடைவெளி, ஒன்றும் உங்களுக்குத் தெரியாது. சின்னப் பிள்ளை கண்டால் சோடா என்றுதான் எடுக்கும். அதை அடித்தால் முட்டை இருக்கும் இலை நிலத்தில் பத்திரமாகக் கிடக்க, மரத்தில் காவல் இருக்கும் முசுறு எறும்புதான் முதலில் சாகும். பிறகு தத்துப்பூச்சியும் செதில்பூச்சியும் ஏறும். அதற்கும் அவரே இன்னொரு போத்தல் தருவார்.

துளிர் செம்பு நிறம் மாறிக் கரும்பச்சையாக முற்றியதும் வண்டு அதைத் தொடாது. அதுவரை பொறுக்குங்கள். அடுத்த துளிரிலும் வெட்டு குறையாவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்டபின் மருந்தை யோசிக்கலாம். அந்தப் போத்தலைக் கானில் ஊற்றாமல், கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுங்கள்.