அக்காவை மாமியார் வீட்டில் பாக்கி நகை கேட்டுக் கொடுமைப்படுத்துகிறார்கள். புகார் கொடுத்தால் நகை போட்ட எங்கள் மேலும் வழக்கு வருமா?

அக்காவுக்குக் கல்யாணமாகி எத்தனை வருடம் என்று நீங்கள் எழுதவில்லை. 7 வருடம் ஆகவில்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. என் சொந்த அக்காவின் வழக்குக்காக 5 வருடம் கோர்ட் வராந்தாவில் நின்றவன்.

கேட்டதற்குப் பதில் முதலில். 1961ஆம் வருடத்து வரதட்சணைத் தடைச் சட்டப்படி கொடுப்பதும் குற்றம்தான். ஆனால் அதே சட்டத்தின் 7ஆவது பிரிவில், பாதிக்கப்பட்டவர் கொடுக்கும் வாக்குமூலத்தை வைத்து அவர் மேலேயே அந்தச் சட்டத்தில் வழக்குப் போடக்கூடாது என்று இருக்கிறது. இந்தப் பயத்தைக் காட்டித்தான் மாப்பிள்ளை வீட்டார் நம் வாயை அடைப்பார்கள். எங்களையும் அப்படித்தான் அடைத்தார்கள்.

எங்கள் ஊர் முக்கூடல் பக்கம். எந்தச் சாதி என்று கேட்டு யாரும் கீழே எழுத வேண்டாம், இது எல்லாச் சாதியிலும் நடக்கிறது. அம்மா பீடி சுற்றினாள், அப்பாவுக்குக் கொஞ்சம் வயல். 2008 வைகாசியில் அக்காவை அம்பாசமுத்திரம் பக்கம் கட்டிக்கொடுத்தோம். பேசியது 35 பவுன். கல்யாணத்தன்று அக்கா மேல் கிடந்தது 28. மிச்சம் 7 பவுனைத் தலைப்பொங்கலுக்குள் போட்டுவிடுகிறோம் என்று அப்பா சபையில் சொன்னார்.

தலைப்பொங்கலுக்குப் படி கொண்டுபோனது நான்தான். பித்தளைப் பானை, பச்சரிசி, கரும்பு, பனங்கிழங்கு, காய்கறி என்று வேனில் ஏற்றிப் போனேன். அத்தானின் அம்மா ஒவ்வொரு பாத்திரமாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மூத்தவளுக்கு வந்த பானையில பாதிகூட இல்லியே இது" என்றாள். பிறகு எல்லார் முன்னாலும், "அந்த ஏழு எங்க?" என்றாள். அக்கா என்னைக் கொல்லைப்புறம் கூட்டிப்போய், "தம்பி, இனிமே பத்து ரூவாகூடக் கொண்டு வராத. கொண்டு வந்தா இன்னும் கேப்பாவ" என்றாள். நான் அதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா, பீடிக் கம்பெனியில் முன்பணம் வாங்கி ஒரு பவுனில் தோடு செய்து அனுப்பினாள். அக்கா சொன்னது போலவே, அடுத்த மாதம் கடைக்கு முன்பணமென்று அத்தான் மூன்று லட்சம் கேட்டார்.

மூன்று தடவை அக்கா வீட்டுக்கு வந்தாள். மூன்று தடவையும் நாங்கள்தான் கொண்டுபோய் விட்டோம். "பொறுத்துப் போட்டீ, ஒரு பிள்ளை பிறந்தா எல்லாம் சரியாப் போவும்" என்று அம்மா. பிள்ளையும் பிறந்தது, பெண் பிள்ளை. அதற்கும் பேச்சு வாங்கினாள்.

இதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்காவிட்டாலும். 2010இல் பூர்வீக வீட்டையும் வயலையும் என் பேருக்கு மாற்ற அக்காவிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினோம். "அதான் பவுன் போட்டாச்சுல்லா" என்றார்கள் பெரியவர்கள். தமிழ்நாட்டில் 1989இலிருந்தே மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு. அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு அன்று சாயந்திரமே பிள்ளையோடு பஸ் ஏறினாள். திரும்பி வந்தால் உட்காரத் திண்ணைகூடத் தனக்கு இல்லை என்று நினைத்திருப்பாளோ என்று இன்றும் எனக்கு ராத்திரி தூக்கம் போகும்.

2011 ஐப்பசியில் விடியக்காலம் போன் வந்தது. நாங்கள் திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அக்கா பிணவறையில் இருந்தாள்.

கல்யாணமாகி 7 வருடத்துக்குள் ஒரு பெண் இப்படிச் செத்தால் ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை உண்டு. அவர் முன்னால் போவதற்குள் இரண்டு தரப்புப் பெரியவர்களும் அப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள். சந்தேகம் என்று சொன்னால் உடம்பு கைக்கு வரத் தாமதமாகும், பிள்ளையைக் காட்ட மாட்டார்கள், நகை போட்டதற்கு நீயும் உள்ளே போவாய் என்றார்கள். "எங்களுக்கு யார் மேலும் சந்தேகம் இல்லை" என்று அப்பா வாக்குமூலம் கொடுத்து ரேகை வைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். மறுநாள் பேப்பரில் "தீராத வயிற்றுவலியால் இளம்பெண் தற்கொலை" என்று நாலு வரி வந்தது. அக்காவுக்கு ஒரு நாளும் வயிற்றுவலி வந்ததில்லை. நிருபர் எங்கள் வீட்டில் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. செத்த பெண்ணுக்கெல்லாம் வயிற்றுவலி என்று எழுதும் இந்தப் பழக்கத்தை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு எரிகிறது.

பதினோராவது நாள் பிள்ளையைப் பார்க்கப் போனோம். கதவைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அப்பா புகார் கொடுத்தார்.

வரதட்சணைச் சாவுக்கு அப்போது இருந்தது இந்திய தண்டனைச் சட்டம் 304பி. குறைந்தது 7 வருடம், அதிகபட்சம் ஆயுள். சாவதற்குச் சற்று முன்பு வரதட்சணை கேட்டுத் துன்புறுத்தினார்கள் என்று அரசுத் தரப்பு காட்டிவிட்டால், மரணத்துக்கு அவர்கள்தான் காரணம் என்று கோர்ட் அனுமானிக்க வேண்டும். அதற்குப் பிறகு இல்லையென்று நிரூபிப்பது அவர்கள் பாடு. எங்களால் அந்தச் "சற்று முன்பு" என்பதைத்தான் காட்ட முடியவில்லை. அக்கா பேசியதெல்லாம் பக்கத்து வீட்டுப் போனில். எழுத்தில் ஒன்றும் இல்லை. கடைக்குக் கேட்ட பணம் வரதட்சணையே ஆகாது என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடினார். (வீடு கட்டக் கேட்ட பணமும் வரதட்சணைதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2022இல். எங்கள் வழக்கு அதற்கு முன்பே முடிந்துவிட்டது.) கடைசியில் அந்த வக்கீல் அப்பாவின் முதல் வாக்குமூலத்தை அவரிடமே வாசித்துக் காட்டி, "அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?" என்று கேட்டார். அப்பா கூண்டில் அழுதார். 2016இல் எல்லாருக்கும் விடுதலை. நீதிபதியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, அவர் முன்னால் நாங்கள் வைத்தது அவ்வளவுதான்.

தீர்ப்பு வந்து ஒரு மாதம் கழித்து அம்மாவின் பீடிக் கணக்கு நோட்டு கண்ணில் பட்டது. ஓரத்தில் எல்லாம் எழுதியிருந்தாள். எந்தத் தேதியில் எவ்வளவு, யார் வந்து வாங்கியது. கடைசி வரி அக்கா சாவதற்கு ஒன்பது நாள் முன்பு. இது சாட்சி ஆகும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பொய்ப் புகார் கொடுக்கிற பெண்களே இல்லையா என்று எழுத வருகிறவர்களுக்கு: இருக்கலாம். அதற்காகத்தான் 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில், இந்தப் புகார்களில் காரணம் பதியாமல் கைது செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நான் அதைத் தவறு என்று சொல்லவில்லை. ஆனால் 2022இல் மட்டும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிந்த வரதட்சணைச் சாவு 6,450. அப்பாவின் முதல் வாக்குமூலத்தோடு விட்டிருந்தால் அக்கா மாதிரி ஒருத்தி அப்படி ஒரு கணக்கில்கூட வரமாட்டாள்.

உங்கள் அக்கா உயிரோடு இருக்கிறாள். அதனால் சொல்கிறேன். இந்த வாரமே அவளைத் தேதி தேதியாக எழுதச் சொல்லுங்கள். வாட்ஸாப்பில் வந்த எதையும் அழிக்க வேண்டாம். நகைக்கடை ரசீது, கல்யாண வீடியோ எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். புருஷன் வீட்டுக் கொடுமைக்கு, 2024 ஜூலை 1 முதல் நடந்ததற்குப் புதிய சட்டம், பாரதிய நியாய சன்ஹிதா 85ஆவது பிரிவு. அதற்கு முன் நடந்ததற்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 498ஏ. புகாரைக் கூடப்பிறந்த நீங்களும் கொடுக்கலாம். அவள் வந்து தங்கியிருக்கும் உங்கள் ஊர் ஸ்டேஷனிலேயே கொடுக்கலாம், 2019இல் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லிவிட்டது. மாவட்டச் சமூகநல அலுவலர்தான் வரதட்சணைத் தடுப்பு அதிகாரி, அவரிடமும் மனு கொடுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181. போட்ட நகை அவளுடையது, அதைத் திருப்பிக் கேட்க அவளுக்கு உரிமை இருக்கிறது.

ஆனால் இதெல்லாம் அடுத்தது. முதலில் போய் அவளைக் கூட்டி வாருங்கள். வீட்டில் ஒரு அறையை ஒழித்துக் கொடுங்கள். எத்தனை நாள் இருப்பாய் என்று யாரும் அவளிடம் கேட்கக்கூடாது என்று உங்கள் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.