கேளுங்கள் சொல்கிறேன்: ரயில் தானாகவா நின்றது?

கேள்வி: சேர், நான் ஊடகக் கற்கைகள் இறுதி வருட மாணவி. சுற்றுலா விளம்பரத்தையும் அரசியல் செய்தியையும் சேர்த்து ஆய்வு செய்யப்போகிறேன் என்றால், ‘இரண்டு தோணியில் கால் வைக்காதே’ என்கிறார்கள். சட்டகக் கோட்பாட்டை வைத்து இரண்டையும் பார்க்க முடியாதா?
– மாணவி ஒருவர், திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

பதில்: முடியும் பிள்ளை. நான் முப்பது வருடம் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தவன். சுற்றுலா இணைப்பையும் அரசியல் பக்கத்தையும் ஒரே மேசையில் ஒரே ஆள்தான் பார்ப்பார். பல நாள் அந்த ஆள் நான்.

2014 ஒக்டோபர் 13. 1990இல் போரால் நின்றுபோன யாழ்தேவி ரயில் திரும்ப யாழ்ப்பாணம் வந்த நாள். ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷ பளையில் ஏறி வந்தார். ‘24 வருடங்களின் பின் வந்தது யாழ்தேவி’ என்று முன்பக்கத்துக்குத் தலைப்புப் போட்டேன். கீழே மாலை, கையசைப்பு, சனம். இணைப்பில் பனையும் கடலும் போட்டு, ‘ரயிலேறி வாருங்கள்’ என்று எழுதினேன். இரண்டிலும் ஒரு பொய் கிடையாது. இந்தியக் கடனில் இந்திய நிறுவனமான இர்கோன் பாதை போட்டது உள்பக்கத்தில் நாலு வரியாகப் போனது. போர்க்காலத்தில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர் (பதுங்குகுழி) கட்டப் போன கதை எங்குமே வரவில்லை. பேப்பரை விரித்துப் பார்த்த மனைவி, “அப்ப இவ்வளவு காலமும் ரயில் தானாகவா நிண்டது?” என்று கேட்டா. நான் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

சட்டகம் என்பது அதுதான். ஒன்றை எடுத்து முன்னுக்கு வைப்பதும் இன்னொன்றை விட்டுவிடுவதும். தொடர்பியல் ஆய்வாளர் றொபேட் என்ட்மன் 1993இல் இதை ஒழுங்காக எழுதினார்: எது பிரச்சினை, யார் காரணம், அது நல்லதா கெட்டதா, என்ன செய்யலாம் என்ற நான்கையும் சட்டகம் சொல்லிவிடும். சாந்தோ ஐயங்காரின் 1991ஆம் ஆண்டு ஆய்வையும் கட்டாயம் வாசியும். தொலைக்காட்சிச் செய்தி ஒரு விஷயத்தைத் தனித்தனிச் சம்பவமாகவே காட்டினால், பார்ப்பவர்கள் பொறுப்பை அந்தத் தனி ஆட்கள் தலையில் போடுகிறார்கள், அரசையும் சமூகத்தையும் கேட்பது குறைகிறது என்று கண்டவர் அவர். எங்கள் யாழ்தேவிச் செய்தியும் அப்படியொரு தனிச் சம்பவம்தான்: ஒரு ரயில், ஒரு தலைவர், ஒரு மாலை. 2015 ஜனவரி 8இல் அதே தலைவர் போட்டியிட்ட ஜனாதிபதித் தேர்தல் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாரும்.

இனி எப்படி அளப்பது? ஆங்கிலப் புத்தகத்தில் தேட முன்னம், பள்ளிக்கூடத்தில் படித்த தன்வினை பிறவினையைத் தூசு தட்டி எடும். யாழ்ப்பாண நூலகம் ‘எரிந்தது’, நூலகம் ‘எரிக்கப்பட்டது’, நூலகத்தை ‘எரித்தார்கள்’. 1981இல் ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலான அந்த ஒரே சம்பவத்துக்கு மூன்று சட்டகம். முதலாவதில் நெருப்பு மட்டும், இரண்டாவதில் யாரோ ஒருவர் மறைந்து நிற்கிறார், மூன்றாவதில் ‘யார்?’ என்று அடுத்த கேள்வி வந்தே தீரும். இராணுவம் பிடித்து வைத்திருந்த காணியைக் கொடுப்பதைச் சொல்லும் ‘காணி விடுவிப்பு’ என்ற சொல்லையும் கவனியும். காணி உறுதியைக் கையில் வைத்திருப்பவருக்கு அது ‘திருப்பித் தந்தது’. பேப்பரில் அந்தச் சொல் எத்தனை தரம் வருகிறது என்று எண்ணும்.

சுற்றுலாப் பிரசுரம், அரசியல் செய்தி இரண்டிலும் ஒரே இடங்களை எடும். எதை எந்த வகையில் சேர்ப்பது என்று நீர் எழுதிவைக்கும் குறியீட்டு ஏட்டைச் சிநேகிதி ஒருத்தியிடமும் கொடும். ஒருவரையொருவர் கேளாமல் குறியிட வேண்டும். இருவரின் குறியிடலும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அளக்கும் கிரிப்பென்டோர்ஃபின் அல்பா 0.80க்கு மேல் வந்தால் நிம்மதி, 0.667க்குக் கீழே போனால் உமது வரையறைகள் குழம்பிக் கிடக்கின்றன. வாசித்தவர்கள் நம்பினார்களா என்பதற்கு மட்டும் இந்த எண்ணிக்கை பதில் சொல்லாது. அதற்கு ஆட்களோடு போய்க் கதைக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் விருந்தினர் விடுதி விளம்பரத்தில் ‘போர்’ என்ற சொல்லே வரக்கூடாது என்கிறான் மகன். சரியா ஐயா?
– வாசகர், நல்லூர்

பதில்: மகன் அறை வாடகைக்கு விடுகிறான், அதற்கு அந்தச் சொல் தேவையில்லை. வருகிறவர் நூலகத்தடியில் நின்று கேட்டால் சொல்ல ஒரு ஆள் வீட்டில் இருக்கட்டும். ஒன்று மட்டும்: மயிலிட்டிப் பக்கத்துக் கடற்கரைப் படத்துக்குக் கீழே ‘மனிதர் கால் படாத மணல்’ என்று எழுதவேண்டாம். 1990இல் போரால் இடம்பெயரும் வரைக்கும் அங்கே சனம் வள்ளம் இழுத்தது.