அக்ரிலிக் தொட்டியில் வெள்ளைக் கோடு: மீனை எடுக்காமல் தேய்க்கலாமா?

உங்கள் அக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) மீன் தொட்டியில் வெள்ளையாகக் கீறல் கோடு விழுந்திருக்கிறது, மீனை எடுக்காமல் தேய்த்துப் போக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெளிப்பக்கக் கோடு என்றால் மீனை எடுக்கவே வேண்டாம், தாராளமாகத் தேய்க்கலாம். உள்பக்கம் என்றால் மீன் இருக்கும்போது பாலிஷ் போடாதீர்கள், தண்ணீரில் கலந்துவிடும்.

பாசி துடைத்த மறுநாள்தான் கோடு தெரிந்தது என்கிறீர்கள். அநேகமாகக் காந்தத் துடைப்பானில் மணல் துகள் சிக்கியிருக்கும். இனி அடிமணலுக்கு இரண்டு விரல் மேலேயே நிறுத்துங்கள்.

கோட்டின் குறுக்கே நகத்தை இழுத்துப் பாருங்கள். நகம் தட்டாவிட்டால் 2000 நம்பர் வாட்டர் பேப்பரை (ஈரத்தில் பயன்படுத்தும் உப்புத்தாள்) நனைத்துத் தேய்த்து, பிளாஸ்டிக் பாலிஷ் போட்டால் போதும். தட்டினால் 800, 1200, 2000 என்று சொரசொரப்பான தாளிலிருந்து நைசான தாளுக்கு வரிசையாகப் போக வேண்டும். 800 முடிந்ததும் அந்த இடம் பால் ஊற்றியதுபோல் வெளுக்கும். பயப்படாதீர்கள், கடைசிப் பாலிஷில் தெளிந்துவிடும்.

கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே மட்டும் வேண்டவே வேண்டாம். அமோனியாவோ ஆல்கஹாலோ பட்டால் அக்ரிலிக்கில் மயிரிழை விரிசல் விழும்.