ஃபார்ம் நிரப்பினதும் அதே விளம்பரமா வருதா?

சிஸ்டர், கருத்தரிப்பு சிகிச்சை சைட்ல ஃபார்ம் நிரப்பின மறுநாளே ஃபேஸ்புக் ஃபுல்லா அதே விளம்பரம், ஃபோன் ஒட்டுக்கேக்குதான்னு கேட்டிருக்கீங்க. அதெல்லாம் இருக்காது. இந்த மாதிரி சைட்டை நிறைய இடத்துல மார்க்கெட்டிங் ஏஜென்சிதான் பாத்துக்கும், அதுல ஃபேஸ்புக் கம்பெனியோட மெட்டா பிக்ஸல்னு ஒரு குட்டி புரோகிராம் போட்டு வச்சிருந்தா நீங்க எந்தப் பேஜ் பாத்தீங்க எந்த பட்டன அமுக்குனீங்கன்னு அது பாட்டுக்கு ஃபேஸ்புக்குக்கு அனுப்பிடும். அமெரிக்காவுல மருந்துக்குத் தள்ளுபடி கூப்பன் குடுக்குற குட்ஆர்எக்ஸ்னு ஒரு கம்பெனி இப்படித்தான் மாட்டுச்சு, 2023ல 15 லட்சம் டாலர் அபராதம், இத்தனைக்கும் உடல்நல விவரத்த பகிர மாட்டோம்னு வாக்கு வேற குடுத்திருந்தாங்க! ஃபேஸ்புக் செட்டிங்ஸ்ல வெளி சைட் ஆக்டிவிட்டின்னு ஒண்ணு இருக்கும், அதை அழிச்சுட்டு இனிமே சேராத மாதிரி துண்டிச்சிருங்க. அந்த சைட்டுக்கும் மெயில் போட்டு என் நம்பர் யார்கிட்டல்லாம் போச்சு, அழிங்கன்னு கேளுங்க. ஃபோன்ல கேட்டா மழுப்பிடுவாங்க.